இரவல் கண்

என் மூத்த சகோதரி ஹஃபீலா ராத்தாவின் கணவர் ஹுனைஸ் மச்சான் எதற்கும் பயப்படாத ஆள் என்று நுரைச்சோலையில் ஒரு பேச்சு உண்டு. கடல் பொங்கி வருகிறது என்று ஊரே பள்ளிவாசல் பக்கம் ஓடிய அன்று அவர் கமராவைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார். அது தைரியம் இல்லை, மூளைக் கோளாறு என்பது ராத்தாவின் கட்சி. எப்படியோ, அந்த மனிதர் பயந்து நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். போன வருடம் மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் தொடங்கி, சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும் பயந்தார். அவரோடு சேர்ந்து நானும் பயந்தேன். குற்றத்தில் எனக்கும் பங்கு இருந்தது.

பிரதான வீதியில் மருந்துக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஸ்டூடியோ. பத்தொன்பது வயதில் முன்மேசைக்கு வந்து உட்கார்ந்தேன், இன்னும் எழும்பவில்லை. அடையாள அட்டைப் படமும் கலியாணப் படமும் எந்தக் கடையிலும் எடுக்கலாம். கற்பிட்டியிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் மச்சானைத் தேடி ஆட்கள் வந்தது வேறொன்றுக்காக. இல்லாத முகத்தை அவர் எடுத்துத் தருவார்.

தொண்ணூறாம் ஆண்டு எங்கள் சனம் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது ஆளுக்கு ஒரு பைதான் கையில் இருந்தது. அதில் உடுப்பு வைத்தார்கள், அரிசி வைத்தார்கள். அல்பம் வைத்தவர்கள் மிகக் குறைவு. அரிசியா அல்பமா என்று கேட்டால் நானும் அரிசி என்றுதான் சொல்லியிருப்பேன். வருடங்கள் போன பிறகுதான் விளங்கியது, மவுத்தாகி மண்ணுக்குள் போன வாப்பாவின் முகத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு துண்டுப் படம்கூட இல்லை என்று. அப்படிப்பட்டவர்களை மச்சான் கதிரையில் உட்கார வைத்துக் கேட்பார். மூக்கு யாருடைய மூக்கு? சாச்சாவுடையது. நெற்றி? பெரிய மகனுடையது. சாச்சாவையும் மகனையும் கூட்டி வரச் சொல்லிப் படம் எடுத்து, இங்கே வெட்டி அங்கே ஒட்டி, கணினியில் மூன்று நாள் இருந்து ஒரு வாப்பாவைச் செய்து கொடுப்பார். சனங்கள் அதைச் 'செய்த படம்' என்றே சொல்வார்கள். சுவரில் மாட்டமாட்டார்கள். அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்து, பெருநாள் அன்று திறந்து பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அது யாருடைய மூக்கு, யாருடைய நெற்றி என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை.

மச்சானுக்கு இந்த வித்தையின் பூர்வீகமும் தெரியும். ஸ்டூடியோ போடுவதற்கு முன்னால் கொழும்பில் ஓர் அச்சகத்தின் கமரா அறையில் ஐந்து வருடம் வேலை செய்தவர். அங்கே கிடந்த கிழிந்த புத்தகம் ஒன்றில் படித்த கதையை, படம் வாங்க வந்து காத்திருக்கும் பாவிகளுக்கெல்லாம் சொல்வார். கதை கேட்காமல் படம் வாங்கிப் போனவர் இல்லை. நானும் நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

ஆரம்பத்தில் கமரா வந்துவிட்டது, ஆனால் புகைப்படத்தைப் பத்திரிகையில் அச்சடிக்க வழி இல்லை. அதனால் படத்தைச் செதுக்குகாரனிடம் கொடுத்தார்கள். அவன் அதைப் பார்த்து மரப்பலகையில் செதுக்கினான். அவசரம் என்றால் பலகையைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒருவன் வானம், ஒருவன் மரம், ஒருவன் உடுப்பு என்று பிரித்துச் செதுக்கி மறுபடி பூட்டினார்கள். முகம் மட்டும் கைதேர்ந்தவனுக்கு. தெளிவில்லாத முகத்துக்கு அவனே கண் மூக்கு வைத்தான். கீழே 'புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது' என்று ஒரு வரி போட்டார்கள். பிறகு ஆயிரத்தெண்ணூற்று எண்பதுகளில் புள்ளி வந்தது. கோடு கீறிய கண்ணாடி ஊடாகப் பிடித்தால் படம் முழுவதும் சின்னதும் பெரியதுமான புள்ளிகளாக உடைந்துவிடும். ஒரே கறுப்பு மையை வைத்து எல்லாச் சாம்பல் நிறத்தையும் காட்டலாம்.

"பத்திரிகைல இரிக்கிறது முகம் இல்ல, நிஃப்லா. தூரத்துல நின்டு பாத்தா முகம். கிட்டப் போனா புள்ளி" என்பார் மச்சான் என்னிடம். இவ்வளவும் தெரிந்த மனிதர்தான் அந்தப் பிழையைச் செய்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் தங்கரத்தினம் அக்கா வந்தார். கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து சண்டைக்குத் தப்பி வந்து குடியேறியவர். கையில் மடிப்பு மடிப்பாக ஒரு பத்திரிகைத் துண்டு. ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம்பெயர்ந்த சனங்கள் வரிசையில் நிற்கிற படம். மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், முகத்தைக் கொஞ்சம் திருப்பியபடி ஒரு பெடியன்.

"இவன் என்ர தம்பி உருத்திரமூர்த்தி" என்றார். "ஷெல் அடிக்க ஓடேக்க கைதவறிப் போனவன். இந்தப் பேப்பர் அவன் துலைஞ்சு மூண்டு மாசத்துக்குப் பிறகு வந்தது. அப்ப உயிரோட நிண்டிருக்கிறான். கேக்கிற இடமெல்லாம் படம் கேக்கினம், தம்பி. இவனை மட்டும் பெருப்பிச்சுத் தாங்கோ."

முகம் சுண்டுவிரல் நகத்தளவு. மச்சான் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், எனக்கும் காட்டினார். கண் இருக்க வேண்டிய இடத்தில் ஏழெட்டுக் கறுப்புப் புள்ளி. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல். கணினியில் ஏற்றி இரண்டடி உயரத்துக்குப் பெருப்பித்து அச்செடுத்தும் பார்த்தார். உளுந்து அளவுப் புள்ளிகள்தான் வந்தன. வராது என்று சொல்லிப் பத்திரிகைத் துண்டைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அக்கா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற நிலையைப் பார்த்து அவருக்கு வாய் வரவில்லை.

"அவர்ட கண் எப்படி, அக்கா?" என்று கேட்டார்.

"தூக்கக் கண். ஒரு பக்க இமை கொஞ்சம் கீழ விழுந்திருக்கும்."

அன்று பின்னேரம் மச்சான் பழைய நெகட்டிவ் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். தூக்கக் கண்ணோடு ஓர் ஆள் கிடைத்தார். கற்பிட்டிப் பக்கத்துக் கரையில் கருவாடு வியாபாரம் செய்யும் சாள்ஸ். ஸ்டூடியோ திறந்த அடுத்த வருடம் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவர். அவருடைய கண்ணும் வாயும் எடுத்து, பத்திரிகைப் பெடியனின் தலைக்குள் பொருத்தி, கறைகளைத் துடைத்து, காது மூக்கெல்லாம் நேராக்கி, பளிச்சென்று ஒரு வாலிபனைச் செய்தார். நெகட்டிவைத் தேடி எடுத்துக் கொடுத்தவள் நான்.

எங்கள் ஆட்களைப் போல அக்காவுக்கும் இது 'செய்த படம்' என்று விளங்கும் என்று மச்சான் நினைத்தார். அதுதான் பிழை. அக்காவின் ஊரில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. படம் என்றால் கமரா பிடித்தது, அவ்வளவுதான். அவர் படத்தைக் கையில் வாங்கி, "இவன்தான், இவன்தான்" என்று அழுதார். அழுகிறவரிடம் இது உங்கள் தம்பியின் கண் இல்லை என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று மச்சான் விட்டார். நாளை என்பது பதினெட்டு வருடம் ஆயிற்று.

அக்கா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு எல்லா இடத்துக்கும் கொண்டு போனார். விசாரணைக் குழுக்களுக்கு முன்னால் வைத்தார். காணாமல் போனவர்களுக்காக வீதியோரம் உட்கார்ந்த பெண்களோடு மடியில் வைத்து உட்கார்ந்தார். போன வருடம் ஒரு பத்திரிகை அவரை அந்தப் படத்தோடு படம் பிடித்துப் போட்டது. யாரோ அதிலிருந்து தம்பியின் முகத்தை மட்டும் வெட்டி, 'இவரைக் கண்டீர்களா' என்று எழுதி முகநூலில் விட்டார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

அந்தப் புதன்கிழமை காலையில் அக்கா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"தம்பி, மூர்த்தி கிடைச்சிட்டான்" என்றார். "சிலாபத்து மீன் சந்தையில நிக்கிறானாம். சனிக்கிழமையில கருவாடு விக்கிறவனாம். ஒரு பெடியன் ஃபோன் எடுத்துச் சொன்னவன், அதே கண்ணாம், அதே பார்வையாம். கூப்பிட்டால் வேற பேர் சொல்லுறானாம். பயத்தில பேரை மாத்தியிருப்பான். நீங்களும் கமராவோட வாங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் நிக்கிறதை நீங்கள்தான் எடுக்கோணும்."

மச்சானின் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. அது தட்டில் மோதிக் கடகடவென்று சத்தம் போட்டது. அவர் கோப்பையைக் கீழே வைக்கவும் மறந்து, "ஓம் அக்கா, வாறன்" என்றார்.

அக்கா போன பிறகு எனக்கு ஆத்திரம் வந்தது. "வாறன் என்டு சொல்ல வாய் இரிக்கி, உண்மையச் சொல்ல வாய் இல்லயா?" என்று கேட்டேன். மச்சான் பழைய நெகட்டிவ் உறையில் இருந்த விலாசத்தை வைத்துக் கற்பிட்டியில் விசாரித்து, சாள்ஸின் எண்ணை வாங்கினார். வியாழக்கிழமை சாள்ஸின் கைத்தொலைபேசிக்கு எடுத்துப் பார்த்தோம். அணைத்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போன மச்சான் தொழுகையைத் தொடங்கும் தக்பீரைச் சொல்ல மறந்து நின்றாராம், பக்கத்தில் நின்றவர் வந்து ராத்தாவிடம் சொன்னார். ராத்தாவுக்கு நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவள் மூளைக் கோளாறு என்று சொல்லவில்லை. "அந்த மனிசி செத்துப் போவா" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை விடிய பாலாவிச் சந்தியில் பஸ் மாறினோம். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் சட்டம் போட்ட படம், காலடியில் ஒரு பை. பையில் புதுச் சாரம், புதுச் சேர்ட், ஒரு டின் எள்ளுருண்டை. "ஆள் மெலிஞ்சானோ கொழுத்தானோ தெரியாது, பெரிய அளவிலயே வாங்கினனான்" என்று சேர்ட்டை விரித்துக் காட்டினார். பின்சீட்டில் மச்சான். பஸ்ஸில் சொல்லிவிடுகிறேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். முந்தல் வந்தது, சொல்லவில்லை. பத்துளு ஓயா வந்தது, சொல்லவில்லை. நான் திரும்பி முறைத்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிலாபத்தில் இறங்கியதும் அக்கா எங்களைவிட வேகமாக நடந்தார். சந்தை வாசலில் ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் மச்சான் ஓடிப்போய் அவருக்கு முன்னால் நின்றார்.

"அக்கா, உள்ள போகாதீங்க. அது மூர்த்தி இல்ல. அந்தப் படத்துல இரிக்கிற கண் வேற ஆள்ட கண். நான் வெச்சது."

அக்காவுக்கு விளங்கவில்லை. "பேப்பரில வந்த படம்தானே, தம்பி?"

"பேப்பர்ல கண்ணே இல்ல, அக்கா. புள்ளிதான் இருந்த."

அக்கா அவரை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்.

கருவாட்டுக் கடைகளின் கடைசியில் சாள்ஸ் நின்றார். ஐம்பதை நெருங்கும் ஆள், தலை நரைத்திருந்தது. ஆனால் அந்தத் தூக்கக் கண் அப்படியே இருந்தது. அக்கா பத்துப் பன்னிரண்டு அடித் தூரத்தில் நின்று, "மூர்த்தி" என்றார். அந்த மனிதர் வெலவெலத்துப் பின்வாங்கினார்.

"நான் சாள்ஸ், அம்மா" என்றார். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். "மூண்டு நாளைக்கு முந்தி சிவில் உடுப்பில பொலிஸ் மாதிரி ரெண்டு பேர் வந்து ஐசியைக் கேட்டாங்க, அதைப் படம் புடிச்சிக்கிட்டுப் போனாங்க. உண்மையான பேர் என்னன்னு கேட்டாங்க. நான் ஃபோனை ஆஃப் பண்ணிட்டு மச்சினன் வீட்டுல படுக்குறன். நான் யாருக்கும் ஒண்ணும் செய்யல்ல. இதுதான் என்ட பேர், பாருங்க."

அக்கா அட்டையை வாங்கினார். இருபத்திநாலு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஸ்டூடியோவில் எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் அதில் இருந்தது. அதைக் கையில் வைத்திருந்த சட்டத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒரே கண். ஒரே வாய். மாறி மாறிப் பார்த்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கப் பயந்து அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அட்டையை இரண்டு கையாலும் சாள்ஸிடம் திருப்பிக் கொடுத்து, "குறை நினைக்காதேங்கோ" என்றார். பிறகு கவிழ்த்துக் கிடந்த ஒரு மீன்பெட்டியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். வெகு நேரம் மூடியிருந்தார். திறந்தபோது அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத பயம் ஒன்று இருந்தது.

"தம்பி," என்றார் மச்சானிடம், "எனக்கு அவன்ர முகம் வருதில்லை. கண்ணை மூடினால் உங்கட படம்தான் வருது. இவற்ற முகம்தான் வருது. பதினெட்டு வருசமா நான் ஆரைத் தேடினனான்?"

தம்பியை நாடு தொலைத்தது ஒரு தடவை. அவருடைய நினைவிலிருந்து நாங்கள் தொலைத்தது இரண்டாவது தடவை. அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

மச்சான் அங்கேயே ஒரு கருவாட்டுப் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதினார். 'இந்தப் படம் பத்திரிகைப் படம் ஒன்றைப் பார்த்து நான் செய்தது. கண்ணும் வாயும் சாள்ஸ் என்பவருடையவை. அவருக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.' கையெழுத்து, முகவரி, தொலைபேசி எண் எல்லாம் போட்டுச் சாள்ஸிடம் கொடுத்தார். அதே காகிதத்தைப் படமெடுத்து முகநூலிலும் போட்டார். இனிச் சிவில் உடுப்பு எங்கள் வாசலுக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். "அந்தக் காலத்துச் செதுக்குகாரன் இந்த ஒரு வரிய எழுதின, நிஃப்லா" என்றார். "அவனுக்கு இருந்த நேர்மை எனக்கு இல்லாமப் போச்சி."

திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா அடிக்கடி கண்ணை மூடிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் உடனே திறந்துவிட்டார். குறிஞ்சிப்பிட்டிக்கு நேராகப் போக வேண்டியவரை மச்சான் நுரைச்சோலையில் இறங்கச் சொன்னார். ஸ்டூடியோவைத் திறந்து, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து சுருட்டி வைத்த ஒரு காகிதத்தை எடுத்தார். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் கை வைக்காமல் பெருப்பித்து அச்செடுத்த அந்த இரண்டடிப் படம். அக்காவிடம் இருந்த பத்திரிகைத் துண்டு எப்போதோ மடிப்போடு கிழிந்து தொலைந்திருந்தது, மிஞ்சியது இதுதான். ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. உள்சுவரில் நான்கு மூலையிலும் ஒட்டினார்.

அக்கா கிட்டப்போய் மூக்கு முட்டுகிற மாதிரி நின்று பார்த்தார். "ஒண்டும் இல்லையே" என்றார்.

"கிட்டப் பாக்காதீங்க, அக்கா. பின்னால போங்க."

அக்கா முன்மேசை வரைக்கும் பின்னால் வந்தார். தலையை ஆட்டினார். வாசல்படிக்கு வந்தார். அங்கும் இல்லை. மச்சான் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து, உள்ளே எல்லா விளக்கையும் போட்டார். நான் அக்காவின் கையைப் பிடித்து வீதியைக் கடக்க வைத்து, எதிர்ப்பக்கத்து இரும்புக் கடை வாசலில் நிற்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அங்கிருந்து அவர் பார்த்துக்கொண்டு நின்றார். கற்பிட்டி பஸ் ஒன்று குறுக்கே போனது. பிறகு நிலக்கரிச் சாம்பல் ஏற்றிய லொறி. ஒவ்வொரு வாகனமும் மறைத்து விலகும்போது அவர் இல்லை என்று தலையாட்டிக்கொண்டு நிற்பார் என்று பயந்தேன். அதுவும் வராவிட்டால் அந்த மனிசிக்கு இந்த உலகத்தில் தம்பியின் முகம் எங்கேயும் இல்லை. மச்சான் கணினி மேசையைப் பிடித்தபடி, வாசலைப் பார்க்காமல் ஓதிக்கொண்டிருந்தார்.

அக்கா மெதுவாகத் தன் இடது கையைத் தூக்கினார். தன் இடது காதை முன்னால் மடித்துப் பிடித்தார். அப்படியே பிடித்தபடி, வருகிற வாகனத்தைப் பார்க்காமல் வீதியைக் கடந்து வந்தார்.

"காது" என்றார். "இடக் காது வெளியால மடிஞ்சிருக்கும். சின்னனில அதைப் பிடிச்சு இழுத்துத்தான் எழுப்புறனான். பள்ளிக்கூடத்தில பகிடி பண்ணுவாங்கள் என்டு தலைமயிரை இழுத்து விட்டு மறைப்பான். அந்தக் காதோட சேந்து முகமும் வந்திட்டுது, தம்பி. நான் அதை மறந்தே போனன்." சட்டம் போட்ட படத்தை மேசையில் வைத்துக் காட்டினார். "இதில காது நேரா இருக்கு."

மச்சான் கணினி மேசையை விட்டு வந்து பார்த்தார். சுவரில் ஒட்டிய படத்தில், கிட்ட நின்று பார்த்தால், காது இருந்த இடத்தில் புள்ளிகள் கொஞ்சம் வெளியே தள்ளியிருந்தன.

"மை பரவின அச்சுப் பிழை என்டு நெனச்சி நான்தான் நேராக்கின, அக்கா" என்றார்.

அக்கா புள்ளிப் படத்தைக் கிழியாமல் கழற்றிச் சுருட்டிக்கொண்டார். சாரமும் சேர்ட்டும் வைத்த பைக்குள் அதைச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். சட்டம் போட்ட படம் மேசையிலேயே கிடந்தது.

மச்சான் அதைக் கையில் எடுத்து, தான் அழகாக நேராக்கிய அந்தக் காதின் மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பேப்பர்த் துண்டுல அவர்ட என்டு இருந்தது இந்தக் காது ஒண்டுதான், நிஃப்லா," என்றார். "அதப் பாத்து என்ட கையாலயே அழிச்சிரிக்கிறன்."